ஐந்தேகால் கம்பெனி பஸ்

மண்ணூர்
11.8.2024

அன்புள்ள ஜோவிதா அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். நானும் அம்மாவும் சுகம். உன் சளி எப்படி இருக்கிறது? திண்டுக்கல் காற்று மூக்குக்கு ஒத்துக்கொண்டதா? இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் படிக்கப்போகும் மதர் அவர்களுக்கும் என் தோத்திரம். கன்னியர் மடத்தில் நவதுறவிகளுக்குப் போன் கிடையாது என்று விதி வைத்த புண்ணியவான் யாரோ, என்னைப்போல வாய் திறக்காத பிள்ளையாகத்தான் இருந்திருப்பார். எனக்குப் பேசுவதைவிட எழுதுவது சுலபம்.

முக்கியச் செய்தி: உன் கட்டிலில் ஆள் வந்தாயிற்று. பெயர் மாரிசெல்வி, வயது பத்தொன்பது, சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். ஒரகடத்தில் போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறாள். ஒரே அறையில் பன்னிரண்டு பேர் படுக்கும் ஹாஸ்டலில் இருந்தவள், ஷேர் ஆட்டோவில் அம்மாவிடம் அழுதிருக்கிறாள். அம்மா பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "கட்டிலு சும்மாதானே கீது. வாடகைக்கும் ஒரு கை ஆச்சு" என்கிறார். அதே கட்டிலை நான் ஒரு வருஷமாகக் கேட்டேன். "அக்கா லீவுக்கு வந்தா எங்க படுப்பா?" என்று என்னைப் பாயிலேயே போட்டவர்.

எனக்கு ஒரு உத்தியோகமும் கிடைத்திருக்கிறது. அவளுக்குக் கம்பெனி பஸ் ஐந்தேகாலுக்கு. அலாரம் அடித்தால் தூக்கத்திலேயே அணைத்துவிடுவாளாம். அம்மா கேண்டீன் வேனில் நாலு மணிக்கே போய்விடுகிறார். "ஜெர்சி நாலு மணிக்கே பட்ச்சிகினு இருப்பா, அவ எழுப்புவா" என்று உத்தரவு. சம்பளம் இல்லாத வேலை.

ப்ளஸ் டூ பாடம் மலையாகக் கிடக்கிறது. எனக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை,
ஜெர்சி


நவதுறவு இல்லம், திண்டுக்கல்
1.9.2024

கிறிஸ்துவில் அன்புள்ள தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. இறையருளால் நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் உடல் நலத்தோடிருக்கத் தினமும் செபமாலை சொல்கிறேன்.

அந்நியரை வரவேற்றது அம்மாவின் நல்ல மனது. அந்தப் பெண்ணை உன் உடன்பிறந்தவளாக நினை. ஒருவரைத் தினமும் எழுப்பிவிடுவதும் ஒரு பிறரன்புப் பணிதான். நானும் இங்கே காலை மணி அடிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். நன்றாகப் படி. அப்பா இல்லாத வீட்டுக்கு உன் மதிப்பெண்தான் நம்பிக்கை.

ஆண்டவரில்,
ஜோவிதா

பி.கு: கட்டிலில் என் பச்சைப் போர்வை இருந்ததே, அதையா போர்த்திக்கொள்கிறாள்? சும்மாதான் கேட்டேன்.


மண்ணூர்
22.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். இங்கே காய்ச்சல், தலைவலி எதுவும் இல்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

நீ சும்மா கேட்டதற்குச் சும்மா பதில் சொல்கிறேன்: பச்சைப் போர்வையைத்தான் போர்த்துகிறாள். அம்மாதான் எடுத்துக் கொடுத்தார்.

மாரிசெல்வி அக்கா கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஷிப்ட் முடிந்து வந்ததும் சூப்பர்வைசர் மோகன் மாதிரி இடுப்பில் கைவைத்து நடந்து காட்டுகிறாள். அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். அப்பா போன பிறகு அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் முதல் ரேங்க் வாங்கி அட்டையை நீட்டினால் "நல்லது" என்று கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். எனக்கு யாரையும் சிரிக்கவைக்கத் தெரியாது. வகுப்பில் "எஸ் மிஸ்" சொல்லவே நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று. நான் இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருந்த ஒரு தொகையீட்டுக் கணக்கை எட்டிப் பார்த்து, "ஏட்டி, இத மாத்திப் போட்டுப் பாரு" என்றாள். வந்துவிட்டது. ப்ளஸ் டூவில் ஊரிலேயே முதலாம். அவள் அப்பா கல்லூரிக்கு அனுப்பவில்லை. கம்பெனியில் ஆறு மாதம் ஒரு நாள்கூட லீவும் லேட்டும் இல்லாதவர்களைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்கள். பெர்மனென்ட் ஆனவர்களை மாலையில் டிப்ளமோவும் படிக்க வைப்பார்கள். டிசம்பர் பத்தாம் தேதியோடு அவளுக்கு ஆறு மாதம். பெர்மனென்ட் ஆகாவிட்டால் மாசியில் அத்தை மகனுக்குக் கட்டிக்கொடுப்பேன் என்று அப்பா கெடு வைத்திருக்கிறார்.

கணக்கு வந்த சந்தோஷம் எனக்குக் கொஞ்சமும் இல்லை.

உன்,
ஜெர்சி


நவதுறவு இல்லம்
6.10.2024

கிறிஸ்துவில் அன்புள்ள ஜெர்சிக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க. எனக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று நீ எழுதவே இல்லையே.

அவளை அக்கா என்றா கூப்பிடுகிறாய்? வயதில் பெரியவளை மரியாதையாகக் கூப்பிடுவது முறைதான். பொறாமை பெரும் பாவம் என்பதை மறக்காதே. பிறருக்குக் கிடைப்பதைக் கண்டு மகிழக் கற்றுக்கொள். நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

கீழே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். படிக்க முயலாதே.

ஆண்டவரில்,
ஜோவிதா


மண்ணூர்
10.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். அம்மாவின் முழங்காலுக்கு மாரிசெல்வி அக்கா தினமும் தைலம் தேய்த்துவிடுகிறாள். அதனால் குணம்தான்.

அடித்த மூன்று வரியை டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன். "அம்மா என்னைப் பற்றிப் பேசுவாரா" என்பது மட்டும் தெரிந்தது. பேசுவார் அக்கா. முன்பு தினமும் பேசுவார். இப்போது ஞாயிற்றுக்கிழமை பேசுகிறார்.

கல்லறைத் திருநாளன்று நடந்ததைச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். மூன்று பேரும் அப்பா கல்லறைக்குப் போனோம். சுத்தம் செய்து, பூப்போட்டு, சாம்பிராணி காட்டினோம். தலைமாட்டு மெழுகுவர்த்தி எப்போதும் நீ ஏற்றுவது. நீ இல்லாத போன வருஷம் அம்மா ஏற்றினார். இந்த வருஷம் நான்தான் என்று தீப்பெட்டியை உள்ளங்கையில் வைத்திருந்தேன். அம்மா திரும்பி, "மாரி, நீ கொளுத்தும்மா" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். "அவ கொளுத்தட்டும்மா" என்றாள். அதற்கு அம்மா, "அவ காத்துல கொளுத்த தெரியாம நாலு குச்சி வேஸ்ட் பண்ணுவா" என்றார்.

தீப்பெட்டியைக் கொடுத்தேன். ஒரே குச்சியில் ஏற்றிவிட்டாள்.

அப்பாவுக்கு அவள் யார்? அவர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. அவள் பெர்மனென்ட் ஆனால் இங்கேயேதான் இருப்பாள். அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீ வரும்போது எங்கே படுப்பாய் என்று இப்போதெல்லாம் யாரும் கேட்பதில்லை.

ஜெர்சி


நவதுறவு இல்லம்
1.12.2024

அன்புள்ள ஜெர்சிக்கு,

இயேசுவுக்கே புகழ். நலம்.

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று நோன்பு என்று சொல்லிக்கொண்டேன்.

விருந்தாளி விருந்தாளியாக இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. வந்தவர்கள் வந்த இடத்துக்கே திரும்பிப் போக ஆண்டவர் வழிகாட்ட வேண்டுமென்று தினமும் மன்றாடுகிறேன். நீயும் மன்றாடு. அப்பா வாங்கிய கட்டில் அது.

ஜோவிதா


மண்ணூர்
15.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். மாரிசெல்வி ஊருக்குப் போய்விட்டாள். ஆறாம் தேதி அவள் எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்து ஓடியும் கேட்டில் ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். கெடுவுக்கு நாலே நாள் பாக்கி இருந்தது. அவள் அப்பா வந்து கூட்டிக்கொண்டு போனார்.

கட்டிலில் இப்போது நான் படுக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஜெர்சி


நவதுறவு இல்லம்
5.1.2025

கிறிஸ்துவில் மிகவும் அன்புள்ள தங்கைக்கு,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க! புத்தாண்டு வாழ்த்துகள். நான் மிக நலம். இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்.

ஆண்டவர் எல்லாவற்றையும் அதனதன் நேரத்தில் சரியாக்குகிறார். பாவம் அந்தப் பெண், எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். குடில் யார் கட்டினீர்கள்? அம்மா அதிரசம் சுட்டாரா? பச்சைப் போர்வையைத் துவைத்து வெயிலில் போடு. அம்மா என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று வரி விடாமல் எழுது.

உன் கடிதம் ஏன் அவ்வளவு சின்னது? நீ இரண்டு பக்கத்துக்குக் குறைந்து எழுதியதே இல்லையே. பரீட்சை வேலையா?

ஆண்டவரில்,
உன் ஜோவிதா அக்கா


திண்டுக்கல்
2.2.2025

அடி ஜெர்சி,

இதை மதர் படிக்கவில்லை. வயதான சிஸ்டர் ஒருவருக்குக் கண் ஆபரேஷன், துணைக்கு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். ஒரு நர்ஸ் கவர் கொடுத்தார்.

நல்லா இருக்கிறாயா? எனக்கு மனசு நல்லா இல்லை. ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

உனக்குப் பொறாமை பாவம் என்று பாடம் எடுத்தேனே, எனக்குத்தான் அது தலைக்கு மேல் இருந்தது. மற்றவர்கள் உலக சமாதானத்துக்காக வேண்டும்போது நான் ஒரு கட்டிலுக்காக வேண்டினேன். வீட்டை விட்டு நானாகத்தான் வந்தேன். யாரும் துரத்தவில்லை. ஆனாலும் என் இடம் எனக்காகக் காலியாகவே கிடக்க வேண்டும், அம்மா அதைப் பார்த்துப் பார்த்து ஏங்க வேண்டும் என்று ஆசை. அவள் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்றதும் அவள் போய்த் தொலையட்டும் என்றே கேட்டேன். மன்றாட்டு என்று மதருக்காக அழகாக எழுதினேன்.

கேட்டது அப்படியே நடந்துவிட்டது. முதலில் துள்ளினேன். இப்போது பயமாக இருக்கிறது. நாலு மாதம் தவறாமல் எழுப்பினவள் நீ. ஆறாம் தேதி அவள் எழுந்திருக்கவில்லை என்று எழுதினாய். நீ எழுப்பினாயா என்று எழுதவில்லை.

என்ன நடந்தது? எனக்கு மட்டும் சொல்லு.

அக்கா


சங்கரன்கோவில்
16.2.2025

ஜெர்சிக்கு மாரிசெல்வி எழுதிக்கொள்வது.

நான் நல்லா இருக்கேன்னுதான் எழுதணும், வழக்கம் அதுதானே. நீயும் அம்மாவும் சுகமா? அம்மாவுக்கு முழங்கால் தைலம் தீர்ந்திருக்கும், வாங்கிக் குடு.

போனை அப்பா பீரோவுல வச்சுப் பூட்டிட்டாரு. அதான் கடுதாசி. மாசி பதினெட்டு, ஞாயித்துக்கெழம, எனக்குக் கல்யாணம். மாப்பிள்ள இசக்கிதுரை, லோடு வண்டி ஓட்டுறாரு. மோசமான ஆளு இல்ல. ஆனா நான் கேட்டது அது இல்லியே. அழுது பாத்தேன். பொம்பளப் பிள்ள அழுகைய இங்க யாரு கேக்கா.

உனக்கு ஒண்ணு சொல்லணும். சொல்லாம தாலி கட்டிக்கிட்டா காலத்துக்கும் உறுத்தும்.

அன்னைக்கு நீ கட்டில் பக்கத்துல வந்து நின்னது எனக்குத் தெரியும். பாதித் தூக்கம். கூப்பிடுவேன்னு கண்ண மூடிக் கெடந்தேன். நீ திரும்பிப் போயி உக்காந்து பக்கம் புரட்டுனது கேட்டுச்சு. சரி, ஜெர்சி கூப்பிடல, அப்ப இன்னும் நேரமாகல போலன்னு நெனச்சுதான் மறுபடியும் தூங்கிட்டேன்.

எழுப்பியும் நான் எந்திக்கலன்னு அம்மாகிட்ட பொய் சொன்னேன். உனக்காகச் சொல்லல. அந்த அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொன்னேன்.

உன் பொறாமை எனக்குப் புதுசு இல்ல ஏட்டி. நாலு மணிக்கு நீ புஸ்தகத்த விரிக்கையில எனக்கும் வயிறு எரியும். என்னயவிடச் சின்னப் பிள்ள, பெத்தவ கஷ்டப்பட்டுப் படிக்க வைக்கா, எனக்கு அப்படி ஒரு ஆத்தா இல்லியேன்னு எரியும். தெனமும் எரிஞ்சுது.

ஆனா நான் உன் புஸ்தகத்தக் கிழிக்கலியே.

நல்லா எழுது பரீட்சைய.

மாரிசெல்வி


மண்ணூர்
22.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு மட்டும் சொல்லச் சொன்னாய். இந்தக் கடிதத்தை மதரும் படிக்கட்டும். மறைத்து வைத்து மூச்சு முட்டிவிட்டது.

நான் மறக்கவில்லை. தூங்கவும் இல்லை. நாலே முக்காலுக்குக் கட்டிலருகே போய் நின்றேன். அம்மாவின் சிவப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, பச்சைப் போர்வைக்குள் சுருண்டிருந்தாள். என் பக்கம் திரும்பியிருந்த முகம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி எனக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஐந்தேகாலுக்கு ரோட்டில் பஸ் இரண்டு முறை ஹாரன் அடித்தது. வேதியியலில் ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் போகும் சத்தம் கேட்டதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, சந்தோஷமாக இருந்தது. அவள் அலறி எழுந்து செருப்பில்லாமல் தெருவில் ஓடுகிறவரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

இத்தனையும் அவளுக்குத் தெரியுமாம். கடிதம் போட்டிருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு அவளுக்குக் கல்யாணம்.

உன்மேல் பழி போடவில்லை அக்கா. நீ மன்றாடினாய். செய்தது நான்.

இன்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் திரும்பி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொன்னால் மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார், சுலபமாக முடிந்துவிடும். நான் சொல்ல வேண்டிய ஆள் அம்மா. சொன்னால் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும். அந்தப் பயத்தில்தானே இதெல்லாம் செய்தேன்.

அம்மா கேண்டீனிலிருந்து வரும் நேரம்.

ஜெர்சி


மண்ணூர்
27.2.2025

அன்புள்ள மாரிசெல்வி அக்காவுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு வாயில்லை. அம்மாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது. அந்தக் காலோடுதான் உங்கள் ஊருக்கு வருகிறார். இந்தக் கடிதம் அவர் கையில் வருகிறது.

சனிக்கிழமை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். புடவை மாற்றக்கூட இல்லை, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பொண்ண பெத்தேன். ஒண்ண சாமிக்குக் குடுத்தேன். தானா வந்த ஒண்ண நீ தொரத்திட்ட. அப்போ எனிக்கு இன்னா மிச்சம்?" என்று கேட்டார். நான் இருக்கிறேனே அம்மா என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை. அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. உங்கள் கம்பெனி கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி என்ன விஷயம் என்று மூன்று தரம் கேட்டார், எனக்குக் குரலே வரவில்லை. "ஊமையாம்மா நீ?" என்றார். அழுகை வந்தது, அதோடு குரலும் வந்துவிட்டது. ஹெச்.ஆர். சத்யப்பிரியா மேடம் வெளியே வரும்வரைக்கும் கத்தினேனாம். அவர்களிடம், லேட் ஆனது உங்கள் தப்பில்லை, எழுப்ப வேண்டியவள் பொறாமையால் எழுப்பவில்லை என்று சொன்னேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். "ஒரு தடவ பேர் அடிச்சா அடிச்சதுதான். ஏப்ரல்ல புது பேட்ச் எடுப்போம். முதல்ல இருந்து ஆறு மாசம் நிக்கணும், நிப்பாளா?" என்றார்கள். நிற்பாள் என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். விண்ணப்பம் அம்மா பையில் இருக்கிறது.

அதைப் பார்த்த பிறகுதான் அம்மா வாய் திறந்தார். "நான் போயி அவ அப்பன்கிட்ட பேசறேன்" என்றார். உங்கள் அப்பா கேட்பாரோ மாட்டாரோ தெரியாது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது போய் நின்றால் வெளியே போ என்றும் சொல்லலாம். முடிவு உங்களுடையது. இசக்கிதுரை போதும் என்று நீங்கள் சொன்னால் அம்மா சாப்பிட்டுவிட்டு வாழ்த்திவிட்டு வருவார். மன்னிப்பு கேட்டு எழுதினால் நீங்கள் மன்னித்தாக வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எனக்குத் தமிழ்ப் பரீட்சை. முதல் பரீட்சைக்கு நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப அம்மா இங்கே இருப்பாரா என்பது சந்தேகம். உங்களுக்காக என்னை விட்டுவிட்டு வருகிறார். இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது, பொய் சொல்ல மாட்டேன்.

கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் நான்தான் டிக்கெட் எடுத்தேன். போவதற்கு ஒன்று, திரும்பி வருவதற்கு இரண்டு.

இப்படிக்கு,
ஜெர்சி